ஒரு கைப்பிடி முருங்கை

நிறுத்திவிட்டால் போயிற்று. இன்றோடு நிறுத்திவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, இந்தக் கொத்தை அப்படியே சுருட்டிக் கொல்லையில் எறிந்துவிட்டு, ராகி மாவை ராகி மாவாகவே கரைத்து ஊற்றி, ஒன்றும் நடக்காதது போல இருந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேதான் அடுத்த ஈர்க்கை எடுத்து உருவுகிறேன். கை நிற்கவில்லை. கைக்கு என்ன தெரியும். மூன்று மாதமாகக் காலை பத்தரை மணிக்கு முருங்கைக் கீரை உருவிப் பழகிய கை, நுனியைப் பிடித்துக் கீழ்நோக்கி ஒரே இழுப்பு, இலை தட்டில், ஈர்க்கு தரையில். ஆடிக்காற்று கொல்லைக்கதவை அடித்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஒரு கல் வைக்கச் சொல்லி என் புருஷன் பெலிக்ஸிடம் எத்தனை தடவை சொல்லியாயிற்று, இந்த வீட்டில் நான் சொல்வது காற்றோடு சேர்த்தி. முன்கூடத்தில் மாமா பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்கிறது. நாலாக மடிப்பார், பிறகு எட்டாக, ஓரத்தை நகத்தால் நீவுவார். நாற்பது வருஷம் ரயிலில் கார்டாக இருந்தவர், எழுபத்தொன்பது வயது, என் மாமனார் சூசைமாணிக்கம், எதையும் கோணலாக மடிக்கத் தெரியாத மனிதர். அந்த மனிதரைத்தான் நான் பொய்ச்சத்தியம் செய்ய வைத்திருக்கிறேன். உப்பு ஜாடிக்குக் கீழே செருகி வைத்திருக்கிற அந்தச் சின்னக் காகிதம் காற்றில் படபடக்கிறது. ஜாடியை இன்னும் கொஞ்சம் நகர்த்தி மேலே வைக்கிறேன். படபடக்காதே. படித்துவிட்டேன். ஆறு தடவை படித்துவிட்டேன்.

காலையில் பெலிக்ஸ் ஷூ மாட்டிக்கொண்டே சொன்னதுதான், அதுவும் சிரித்துக்கொண்டே. "அப்பாவுக்கு ரத்தம் இளகுற அளவு மறுபடி இறங்கியிருக்கு ரெஜி. டாக்டர் மாத்திரையக் கூட்டிட்டாரு. சாயங்காலத்துலேருந்து புதுசு, மேஜை மேல வச்சிருக்கேன். மூணு மாசமா ஏத்திக்கிட்டே போறோம், ஏன் நிக்க மாட்டேங்குதுன்னு அவருக்கே புரியல. கீரை சாப்பிடறீங்களா, கீரை சாப்பிடறீங்களான்னு மூணு தடவை கேட்டாரு. நம்மாளு என்ன பண்ணாரு தெரியுமா? ஆரோக்கிய மாதா மேல சத்தியம் பண்ணிட்டாரு. கீரையக் கண்ணால பாத்தே வருஷக்கணக்காச்சுன்னு. டாக்டரே சிரிச்சுட்டாரு." சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான். எனக்குக் கையில் தோசைக் கரண்டி. ராகி தோசைக் கரண்டி. அதன் நுனியில் ஒட்டியிருந்த மாவில் ஒரு பச்சைத் துணுக்கு, கடுகளவு, மிக்ஸிக்குத் தப்பியது. நான் அதை விரலால் வழித்துத் தின்றுவிட்டேன். யாரும் பார்க்கவில்லை, அடுப்பங்கரையில் நான் மட்டும்தான், ஆனாலும் தின்றுவிட்டேன், போலீசைப் பார்த்த திருடன் சீட்டை விழுங்குகிற மாதிரி. அப்புறம்தான் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துப் படித்தேன். ஒரு வருஷமாக அந்த மாத்திரை இந்த வீட்டுக்கு வருகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் இந்தக் காகிதம் இருந்திருக்கும். ஒவ்வொன்றையும் நான்தான் கசக்கிக் குப்பையில் போட்டிருப்பேன். பன்னிரண்டு வருஷம் கான்வென்ட்டில் படித்தவள்.

போன வருஷம் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது மாமாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணிற்று. "அருள்நிறைந்த" என்ற சொல் பாதியில் வழுக்கி எங்கோ போயிற்று. ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது, ஆனால் இதயம் தாளம் தப்பி அடிக்கிறது, ரத்தம் உறைந்து கட்டி மூளைக்குப் போய்விடக்கூடாது என்று அப்போது ஆரம்பித்த மாத்திரை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ரத்தத்தை இளக்குகிற மாத்திரை. டாக்டர் அறைக்குள் அப்பாவும் பிள்ளையும் போவார்கள், நான் வெளியே குடையையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கீரை பற்றி டாக்டர் முதல் நாளே கேட்டிருப்பார், இவர் தொடுவதேயில்லை என்றிருப்பார், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்திருக்கும். யாராவது வெளியே வந்து, ரெஜினா, உன் மிக்ஸிக்கும் எங்கள் மாத்திரைக்கும் ஆகாது என்று சொன்னார்களா? சொல்லவில்லை. சரி, நான் சொன்னேனா, ரெஜினா மிக்ஸியில் என்ன அரைக்கிறாள் என்று? அதுவும் இல்லை. காகிதம் சொல்கிறது, கீரையில் ரத்தத்தை உறையவைக்கிற சத்து இருக்கிறதாம். அது மாத்திரையின் வேலையைக் கெடுக்குமாம். அதுவரை படித்துவிட்டு, சரி, நிறுத்திவிடலாம் என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த வரி: திடீரென நிறுத்தவும் கூடாது, நிறுத்தினால் ரத்தக்கசிவு ஏற்படலாம். அதாவது நான் போட்ட கீரைக்கு மேல் டாக்டர் மாத்திரை போட, அதற்கு மேல் நான் கீரை போட, அதற்கு மேல் அவர் போட, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அந்தக் கிழவர் உடம்பில் கயிறு இழுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். இப்போது நான் கயிற்றை விட்டால் விழப்போவது அவர்.

மூக்கிலிருந்து ரத்தம் வரும் என்று போட்டிருக்கிறது. ஈறிலிருந்து. சிறுநீரில். கீழே விழுந்து தலையில் சின்ன அடி பட்டால்கூட உள்ளுக்குள். உள்ளுக்குள் என்றால் எங்கே, யாருக்குத் தெரியும் உள்ளுக்குள் என்ன நடக்கிறதென்று. "ரெஜினா!" என்று கூப்பிடுகிறார், கீரைத்தட்டு மடியிலிருந்து சரிகிறது. "என்ன மாமா?" "காத்துக்குக் கதவு அடிக்குது பாரு." "பாத்துக்கிட்டுதான் மாமா இருக்கேன். கதவுக்கு நான் என்ன தாலாட்டா பாட முடியும்." பேப்பர் இன்னொரு மடிப்பு மடிகிறது. பிறகு, "கல்லு வைக்கலாம்." கல்லு வைக்கலாமாம். அம்மிக்கல்லைத் தூக்கி என் தலையில் வைக்கலாம். எனக்கு எதற்கெடுத்தாலும் நாக்கு முந்திக்கொள்கிறது, சொல்லவேண்டிய ஒரே ஒரு வாக்கியத்துக்கு மட்டும் நாக்கு உள்ளே சுருண்டு படுத்துக்கொள்கிறது. போய்ச் சொல்லிவிடவேண்டியதுதானே. மாமா, நீங்கள் மூன்று மாதமாகக் கீரை தின்கிறீர்கள். ஆறே ஆறு சொல். சிஸ்டர் பெனடிக்டா மாரல் சயின்ஸ் வகுப்பில் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து எழுதுவார், செய்த பாவம் ஒரு பக்கம், செய்யாமல் விட்ட பாவம் ஒரு பக்கம். சொல்லாமல் விட்டது எந்தப் பக்கம் சிஸ்டர் என்று நான் எழுந்து கேட்டதற்கு வெளியே நிற்கவைத்தார். அன்று தெரிந்துகொண்டிருந்தால் இன்று உபயோகப்பட்டிருக்கும்.

ஆனால் நான் என்ன விஷமா வைத்தேன். தவக்காலத்தில் ஒரு நாள் கழிவறையில் முக்கி முக்கி மயங்கி விழுந்தார், நானும் பெலிக்ஸும் கதவை உடைத்துத் தூக்கினோம். தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "வயசானவங்களுக்கு மலச்சிக்கல் வெறும் மலச்சிக்கல் இல்லம்மா, காய் குடுங்க, கீரை குடுங்க" என்றார். அவரிடம் இந்த மாத்திரையைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பெலிக்ஸ் என்னைப் பார்த்து, "நீதான் ரெஜி பாத்துக்கணும்" என்றான். நீதான் ரெஜி. இந்த வீட்டில் கடவுள் பத்துக் கட்டளை கொடுத்தார், பெலிக்ஸ் பதினோராவது. நானும் பார்த்துக்கொண்டேன். பீன்ஸ் பொரியல், கோவைக்காய், சுரைக்காய்க் கூட்டு, முட்டைக்கோஸை நூல் மாதிரி நறுக்கித் தேங்காய்ப்பூவோடு. மாமா ஒன்றும் சொல்லமாட்டார். சொல்லித் தொலைத்தாலாவது சண்டை போடலாம். ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பார், பீன்ஸுக்குப் பின்னால் பீன்ஸ், கூட்ஸ் வண்டி மாதிரி, கடைசியில் ஒரு கடுகு, அவருடைய கார்டு பெட்டி. பிறகு மோர் ஊற்றிச் சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போவார். அந்த வண்டியை நான் எடுத்துக் குப்பையில் கொட்டுவேன். தினமும். இருபத்தாறு வருஷமாக இந்த வீட்டில் சமைக்கிறேன், என் சமையலுக்கு இப்படி வாய் திறக்காமல் ஒரு மனிதர் மார்க் போட்டால் எப்படி இருக்கும். கான்வென்ட்டில் கணக்கு டீச்சர்கூடத் திட்டிவிட்டுத்தான் முட்டை போடுவார். அந்த வெறியில்தான் ஒரு நாள் முருங்கைக் கீரையை வதக்கி அரைத்து ராகி மாவில் கலந்தேன். ராகி கறுப்பு, கீரை அதற்குள் காணாமல் போயிற்று. முதல் தோசையை வைத்துவிட்டுக் கதவோரம் நின்று பார்த்தேன். நாலு தின்றார். "இன்னைக்கு ஒரு வாசனையா இருக்கே ரெஜினா" என்றார். இருபத்தாறு வருஷத்தில் முதல் பாராட்டு. அப்படியே ஜிவ்வென்று ஏறிவிட்டது. அப்புறம் என்னை யார் நிறுத்துவது. புளிக்குழம்பில் அரைத்துவிட்டேன், எள்ளுப்பொடியில் காயவைத்து இடித்துச் சேர்த்தேன். நாலாவது நாள் கழிவறையிலிருந்து அவர் சீட்டியடித்துக்கொண்டு வெளியே வந்தார். என் தங்கை ஸ்டெல்லாவுக்குப் போன் பண்ணி, "கிழவரை ஜெயிச்சுட்டேன்டி" என்று சொன்னேன். ஜெயித்தேனாம்.

ஸ்டெல்லா. சனிக்கிழமை தூத்துக்குடிக்குப் போகவேண்டும், அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், பத்து நாள் நான் இருக்கவேண்டும். டிக்கெட்கூட எடுத்தாயிற்று. போகாமலிருந்தால் சாகும்வரை சொல்லிக்காட்டுவாள். நான் போனால் பெலிக்ஸ் முனைக்கடையில் இட்லி வாங்கிவருவான், மத்தியானத்துக்குத் தயிர்சாதம். இட்லியில் கீரை கிடையாது. பத்து நாள் கீரை கிடையாது. கூட்டின மாத்திரை மட்டும் அன்றாடம் சாயங்காலம் ஆறு மணிக்கு, மாமா எதை மறந்தாலும் நேரத்தை மறக்கமாட்டார், சிக்னல் விழுந்த மாதிரி எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். நான் தூத்துக்குடியில் ஸ்டெல்லாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருப்பேன், இங்கே இவர் காலையில் பல் தேய்க்கும்போது வாஷ்பேசினில் சிவப்பாக. வேண்டாம். நினைக்காதே. பெலிக்ஸிடம் மட்டும் சொல்லிவிட்டால்? அவன் அப்பாவிடம் உளறிவிடுவான், அதுவும் அவன் பாணியில், இளித்துக்கொண்டு. பொடி இடித்து டப்பாவில் வைத்துவிட்டுப் போனால்? தினம் இரண்டு கரண்டி எள்ளுப்பொடி போடு என்று? இவன் ஒரு நாள் போடுவான், மூன்று நாள் மறப்பான், ஞாபகம் வந்த அன்று நாலு நாளுக்குச் சேர்த்துக் கொட்டுவான். டாக்டருக்கு மட்டும் ரகசியமாகப் போன் பண்ணிச் சொன்னால்? அவர் அடுத்த தடவை மாமா முகத்துக்கு நேரே கேட்பார், "என்ன சார், சத்தியம் பண்ணீங்களே" என்று. அதைவிட நானே சொல்லிவிடலாம். சொன்னால் மாமா என் கையால் சாப்பிடுவாரா? அத்தை இருந்த காலத்தில் அவருக்குத் தெரியாமல் அவருடைய பழைய யூனிபார்ம் கோட்டைப் பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டார்கள், ஒரு பெரிய வியாழனிலிருந்து அடுத்த பெரிய வியாழன்வரை அத்தை கையால் காபி வாங்கிக் குடிக்கவில்லை, தானே போட்டுக் குடித்தார். கோட்டுக்கே ஒரு வருஷம். இது ரத்தம். இவர் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாலும் அது கீரையை நிறுத்தின கணக்குத்தான். எந்தப் பக்கம் போனாலும் அந்தக் காகிதத்தின் கடைசி வரியில் போய் முட்டுகிறேன்.

சங்கு ஊதுகிறது. ஒர்க்‌ஷாப் சங்கு, பன்னிரண்டு. பொன்மலைப்பட்டி முழுக்கச் சோற்றுக்கு எழுந்திருக்கும். தட்டில் இலை குவிந்துவிட்டது, எப்போது உருவி முடித்தேன் என்றே தெரியவில்லை. பன்னிரண்டரைக்குத் தட்டு இருக்கவேண்டும். மிக்ஸி ஜாரைக் கையில் எடுத்தவள் அப்படியே திரும்ப வைத்துவிட்டேன். வாணலியை வைத்தேன். காய்ந்த மிளகாய், உளுந்து, சின்ன வெங்காயம், கீரையை அள்ளிப் போட்டு, தேங்காய் துருவி. பச்சைப்பசேல் என்று, உலகத்துக்கே தெரிகிற மாதிரி ஒரு பொரியல். புளிக்குழம்பில் இன்று ஒன்றும் அரைத்துவிடவில்லை. வாயால் சொல்ல முடியாததைத் தட்டில் வைத்துவிடுகிறேன், பிறகு அது என்னை இழுத்துக்கொண்டு போகட்டும். உப்பு இரண்டு தடவை போட்டேனோ என்று ஒரு சந்தேகம். போட்டிருந்தால் போட்டிருக்கட்டும்.

"இது யாருக்கு?" என்றார். நெற்றியில் சிலுவை வரைந்துகொண்ட கை இன்னும் இறங்கவில்லை. "உங்களுக்குத்தான் மாமா." அவர் விரல் நுனியால் பொரியலைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்க ஆரம்பித்தார், எஞ்சின் கிளம்புகிறது, இதோ, இன்னும் இரண்டு நொடியில் வரிசை முடிந்துவிடும், அப்புறம் நான் சொல்லவே மாட்டேன், சாகிறவரை சொல்லமாட்டேன் என்று தெரிந்துவிட்டது. "ஒதுக்காதீங்க மாமா. மூணு மாசமா அதத்தான் சாப்பிடறீங்க. ராகி தோசைல அரைச்சு. குழம்புல, பொடில. நான்தான் போட்டேன். மாத்திரைக்கு ஆகாதுன்னு எனக்கு இன்னைக்குக் காலைலதான் தெரியும்." மூச்சு விடாமல், சிஸ்டரிடம் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி. அவர் நிமிரவில்லை. கொல்லைக்கதவு அடித்தது, மறுபடி அடித்தது. "மாதா மேல சத்தியம் பண்ணிட்டேனே" என்றார், மெதுவாக, என்னிடம் இல்லை. பிறகு இடது கையை ஊன்றி எழுந்து போனார். போய்விட்டார். சோறு அப்படியே. ஆயிற்று, ஒரு வருஷம், தானே கஞ்சி வைத்துக் குடிப்பார், கைநடுங்கி வெந்நீரைக் கொட்டிக்கொள்வார், கொப்புளம் வரும், ரத்தம், என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே திரும்பி வந்தார். கையில் பழைய டைரி, பேனா, மூக்குக்கண்ணாடி. உட்கார்ந்து, தட்டைச் சற்றே தள்ளி, டைரியைத் திறந்தார். "எந்தத் தேதிலேருந்து?" என்ன இது, விபத்து விசாரணையா. விபத்து விசாரணையேதான். "குருத்து ஞாயித்துக்கு மறுநாள் மாமா." எழுதினார். "தினமுமா?" "தினமும். ஞாயித்துக்கிழமை மட்டும் கறி எடுத்தா இல்ல." "எவ்வளவு?" "ஒரு கைப்பிடி." பேனா நின்றது. "கைப்பிடின்னா? உன் கையா, என் கையா?" "என் கைதான்." "காட்டு." காட்டினேன். ஐம்பது வயதுப் பெண்பிள்ளை, பிரம்படிக்கு நீட்டுவது போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். உள்ளங்கையில் கீரைக்கறை. அவர் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். "டாக்டருக்குப் போன் போடு."

போட்டேன். நாலாவது தடவை கிடைத்தது. ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். "டாக்டர், சூசைமாணிக்கம் பேசறேன். நேத்து நான் சொன்ன தகவல் தப்பு. கீரை சாப்பிட்டிருக்கேன், மூணு மாசமா, தினமும் ஒரு கைப்பிடி, மருமக கையால." அவ்வளவுதான். எனக்குத் தெரியாது என்றோ, ஏமாற்றிவிட்டாள் என்றோ ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பக்கம் டாக்டர், "நல்லவேளை சொன்னீங்க. திடீர்னு நிறுத்திடாதீங்க சார். அதே அளவு, தினமும், கூட்டாம குறைக்காம. நாளைக்குக் காலைல வாங்க, பாத்துக்கலாம். சமைக்கிறவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்றார். சமைக்கிறவங்களையும். பெஞ்சிலிருந்து உள்ளே. மாமா போனைக் கீழே வைத்துவிட்டுத் தட்டை இழுத்து, ஓரத்தில் ஒதுக்கியிருந்த பொரியலை ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். கன்னம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர் முட்டிற்று, ஐயோ வாய் கோணுகிறதே, போன வருஷம் மாதிரியே, என்று நான் பாய்வதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கைக்குட்டையில் எதையோ துப்பினார். கீழ்ப் பல்செட். அதன் அடியில் ஒரு கீரை ஈர்க்கு, ஊசி மாதிரி. ஈறில் செக்கச்செவேல் என்று ஒரு கோடு. புதிது இல்லை. ரொம்ப நாள் காயம், ஆறி, மறுபடி கீறி, ஆறி. பீன்ஸ், கோவைக்காய், கூட்ஸ் வண்டி, எல்லாம் என் கண் முன்னால் தடதடவென்று போயிற்று. "எத்தனை நாளா மாமா இப்படி?" "அது ஆடும். உடம்பு இளைச்சதிலேருந்து." "சொல்லியிருக்கலாம்ல? ஒரு வார்த்தை?" கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீ சொன்னியா?"

நாக்கு நுனியில் என்னென்னவோ வந்தது, பல் ஆடுகிற மனிதர் சீட்டியடிக்க மட்டும் முடிகிறதாக்கும் என்றுகூட வந்தது, விழுங்கிவிட்டேன். அவர் பல்செட்டைக் கைக்குட்டையோடு மடித்தார், நாலாக, பிறகு எட்டாக. "அரைச்சே போடு" என்றார். "ஆனா சொல்லிட்டுப் போடு. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி அவனுக்கும் அரைக்கச் சொல்லிக்குடு." தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்கு ஓடினேன். பொரியலை வழித்து மிக்ஸியில் போட்டு, குழம்பில் இரண்டு கரண்டி விட்டு, மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அது கத்துகிற கத்தில் நான் மூக்கை உறிஞ்சியது கேட்டிருக்காது. சோறு ஆறிப்போயிருந்தது. கொண்டுவந்து வைத்தேன், கறுப்பும் பச்சையுமாக, மாட்டுக்குக் கரைத்த மாதிரி. அவர் கை வைக்கவில்லை. டைரி திறந்தபடி இருந்தது, பேனா மூடி கழற்றியபடி. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"என்ன இது?"

"கீரை."

"எவ்வளவு?"

"ஒரு கைப்பிடி மாமா. என் கை."

மணியைப் பார்த்தார். எழுதிக்கொண்டார். பிறகு பிசைந்து முதல் வாயை எடுத்தவர், அதை விழுங்கிவிட்டு, "உப்பு ஜாஸ்தி" என்றார்.